இரண்டு மணி நேர மௌனம்



பொம்மிடியில் தம் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு நிறுவனமொன்றுக்கு வேலை செய்யும் நம் சபை வாலிபர் ஒருவர் ஜெபிக்கும்படி கேட்டு வந்தார். மதிய உணவு முடித்துத் திரும்பினால் நிறுவனத்தின் தரவுத்தளம் மறுமொழி தருவதில்லை. கால் மணி நேரம் திரை அப்படியே நிற்கிறது. கிராமத்து இணையமே காரணம், பெங்களூருக்கு வந்துவிடு என்கிறார்களாம். வயது சென்ற தாயாரை விட்டுப் போக அவரால் இயலாது.

இணையம் பழுதென்றால் வேலையின் நடுவிலும் அறுந்திருக்க வேண்டுமே? ஓய்வுக்குப் பின் மட்டும் அறுவதேன்? அவர் பொறுமையாய் அளந்து பார்த்தார். ஐந்து நிமிடம் சும்மா விட்டபோது இணைப்பு உயிரோடிருந்தது. பத்து நிமிடத்தில் மாண்டிருந்தது. மைஎஸ்கியூஎல் என்னும் அந்தத் தரவுத்தளமோ, பேச்சற்ற இணைப்பை வழக்கமாக 28,800 விநாடிகள், அதாவது 8 மணி நேரம், பொறுத்துக்கொள்ளும். அறுத்தது அதுவன்று.

நடுவிலுள்ள ரூட்டர் போன்ற கருவிகள், யார் யாரோடு பேசுகிறார் என்பதை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கின்றன. சில நிமிடம் பேச்சில்லையெனில் அந்த வரியை அழித்துவிடுகின்றன. அழித்ததைப் பெரும்பாலும் எவருக்கும் அறிவிப்பதில்லை. இரு முனையும் தாம் இணைந்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்! இதைக் கேட்டபோது, பிழைப்புக்காக வெளியூர் சென்ற நம் குடும்பங்களை நினைத்தேன். அவர்கள் பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. நம் நாட்காட்டி அவர்கள் சுவரில் தொங்குகிறது. இடையில் ஒரு சொல் போய்வருகிறதா என்பது வேறு காரியம்.

மறுமொழி வராத செய்தியை லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பி, ஏறத்தாழ 15 நிமிடத்துக்குப் பின்னரே கைவிடும். திரை கால் மணி நேரம் நின்றது அதனால்தான். மௌனமான இணைப்பை அது தானாக விசாரிப்பதோ 7,200 விநாடிகளுக்குப் பிறகே. இரண்டு மணி நேரத்துக்குக் குறையலாகாது என்பது 1989ஆம் ஆண்டின் இணைய நெறி. வீண் செய்திகளால் செலவு கூடுமென்று அன்று அஞ்சினார்கள். நடுக்கருவிகள் 2 மணி 4 நிமிடமாவது காத்திருக்க வேண்டுமென்று 2008இல் இன்னொரு நெறி வந்தது. பல கருவிகள் அதற்கு அடங்குவதில்லை.

தினந்தோறும் சேவையகத்தை நிறுத்தித் தொடங்கலாமென்று ஒருவர் சொன்ன யோசனை எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. வாலிபர் அந்த 7,200ஐத் தம் கணினியில் 60 ஆக்கினார். இப்போது நிமிடத்துக்கொரு முறை, 'இருக்கிறாயா' என்பதற்கு மேல் பொருளற்ற ஒரு சிறு விசாரிப்பு போகிறது. மதியத் தடங்கல் நின்றுவிட்டது. மின்தடையில் ரூட்டரே அணைந்துபோனால் இது உதவாது. அப்போது செத்த இணைப்பைக் கைவிட்டு நிரல் தானே புதிதாய் இணையவேண்டும். அந்தப் பகுதியை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறார்.