விசிலுக்கு முன்னாடி

2023 ஆசிய விளையாட்டு, ஹாங்சோ. இந்தியா–ஈரான் கபடி ஃபைனல், 28-28. பவன் ஷெராவத் யாரையும் தொடாமலே லாபிக்குள் போனார். பின்னாடியே ஈரான் டிஃபெண்டர்களும் போனார்கள். பழைய ரூல்னா அவங்களும் அவுட், புது ரூல்னா பவன் மட்டும். சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29. வீட்டில் குதித்தேன், எந்த ரூல்னு யோசிக்கவே இல்லை.

போன செமஸ்டர் லீவில், அம்பத்தூரில் எங்க ஏரியா மேட்ச்சுக்கு நான்தான் அம்பயர். அதே மாதிரி ஒரு ரெய்டு. புது ரூல்படி தீர்ப்பு சொன்னேன். என் நண்பன் டீம் ஒரு பாயிண்ட்டில் தோற்றது. அவன் கத்தவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"னு மட்டும் கேட்டான்.

என்கிட்ட பதில் இல்லை. எந்த ரூலா இருந்தாலும் ஆட்டத்துக்கு முன்னாடியே ரெண்டு டீமுக்கும் தெரியணும். இப்போ டாஸ் போடும்போதே சொல்லிடுறேன். அவன்தான் இன்னும் ஆட வரவில்லை.