ஆறு வாரம்

சிங்கப்பெருமாள் கோவிலில் மூலவரை வலம்வர வேண்டுமானால் மலையையே வலம்வர வேண்டும். குன்றைக் குடைந்த குகைதான் கருவறை. பெருமாளும் பாறையும் வேறல்லர். பாடலம் என்றால் சிவப்பு, அத்ரி என்றால் மலை. பாடலாத்ரி நரசிம்மர் என்னும் திருநாமம் அப்படி வந்தது. அர்ச்சகர் கற்பூர ஆரத்தியை உயர்த்தி, நெற்றியின் திருமண்காப்பைச் சற்றே விலக்கிக் காட்டும்போது எம்பெருமானின் மூன்றாவது கண் தெரியும். செங்கல்பட்டு மின்ரயிலில் வந்து இறங்குவோரும், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் வழியில் அவசரமாக வந்து சேவிப்போரும் அந்த ஒரு கணத்துக்காகவே காத்து நிற்பார்கள்.

மாதந்தோறும் சுவாதி நட்சத்திரத்தன்று அந்த மலையைச் சுற்றி வரும் அம்மையார் ஒருவர் உண்டு. வயது அறுபத்து மூன்று. கணவர் உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன், ஒரகடத்தில் கார் தொழிற்சாலை ஒன்றில் மூன்றாண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மேற்படிப்புக்காக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றவன். 2018-இல் அவனுடைய பட்டமளிப்பு விழாவுக்குக் கணவர் மட்டும் போய் வந்தார். அப்போது அவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்தார்கள். மாமியாரை விட்டுவிட்டு எங்கே போவது என்று அம்மையார் வீட்டிலேயே தங்கிவிட்டார். விழாவைப் புகைப்படத்தில் பார்த்துக்கொண்டார்.

கணவருக்குக் கிடைத்த வருகையாளர் விசா பத்தாண்டுக்குச் செல்லும். ஆகவே மருமகள் கருவுற்றிருக்கும் செய்தி வந்தபோது அம்மையாருக்கு மட்டும் விசா எடுத்தால் போதும் என்றிருந்தது. மாமியாரும் அதற்கு முன்பே பரமபதம் அடைந்திருந்தார்கள். தடையேதும் இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பும் வேலையை ஒரு முகவரிடம் ஒப்படைத்ததுதான் முதல் பிழை. சுற்றிப் பார்க்க ஒரு மாதம் என்று அவர் எழுதிவிட்டார். நேர்காணலுக்கு முன் வங்கிக் கணக்கில் பெருந்தொகை ஒன்றைப் போட்டு வைக்கச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றும் சொல்லி, சில வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்.

வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது சிரிப்பைத்தான் வரவழைக்கும். சென்ற வாரம் திடீரென வந்து விழுந்த ஐந்து இலட்சம், பார்ப்பவர் மனத்தில் நம்பிக்கையை அல்ல, கேள்வியைத்தான் எழுப்பும். மாதம் தவறாமல் முதல் வாரத்தில் வரும் ஓய்வூதியமும், அதிலிருந்து போகும் மளிகைச் செலவும், வீட்டு வரி ரசீதும் சொல்லும் கதையே வேறு.

சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அம்மையார் சாளரத்தின் முன் நின்றது சில நிமிடங்களே. எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கேள்விக்கு, மனப்பாடம் செய்த வாக்கியம் மறந்துபோயிற்று. மனத்தில் இருந்தது வாயில் வந்தது. பிள்ளைகள் இருக்கச் சொல்லும் வரையில் இருப்பேன் என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

நம் வீடுகளில் இதைவிடப் பண்பான பதில் கிடையாது. மகன் வீட்டுக்குப் போகும் தாய் இன்ன தேதியில் திரும்புவேன் என்று முன்கூட்டியே சொல்வது நம் வழக்கமும் அன்று. ஆனால் அந்த நாட்டின் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், விசா கேட்டு வரும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருபவர் என்றுதான் முதலில் கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு கேட்பவருடையது. அம்மையாரின் கையில் ஓர் அச்சிட்ட தாள் கொடுக்கப்பட்டது. அதில் 214(பி) என்ற பிரிவு இருந்தது.

வெளியே நடைபாதையில் காத்திருந்த கணவரிடம் அவர் கேட்டது ஒன்றே: "நான் என்ன தப்பு செய்தேன்?"

பேரன் பிறந்தான். கணவர் தனியே போயிருக்கலாம். "ஒரு தரம் உன்னை விட்டுவிட்டுப் போனது போதும்" என்று சொல்லிவிட்டார். அண்டை வீட்டார் எப்போது பயணம் என்று கேட்பார்களே என்பதற்காக அம்மையார் சில மாதம் மாலை நேரத்தில் கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தி, விடியற்காலையில் யாரும் வருமுன் போய் வந்தார். குற்றம் செய்தவரைப் போல அவர் ஒளிந்தது வீண்தான். அந்தப் பிரிவின்கீழ் மறுப்பது ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பு அன்று. அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் புதிதாகக் கட்டணம் செலுத்தி மறுபடியும் விண்ணப்பிக்கத் தடையும் கிடையாது. 2023 ஜூன் முதல் அந்தக் கட்டணம் 185 டாலர். கட்டியது திரும்பாது.

குழந்தையின் ஆண்டு நிறைவுக்கேனும் போய்விட வேண்டும் என்று மறுபடி முயன்றபோது ஆளுக்கொரு யோசனை வந்தது. ஐதராபாத் அருகே சில்கூர் பாலாஜியை வேண்டிக்கொண்டு பதினொரு பிரதட்சிணம் செய்யச் சொன்னவர்கள் உண்டு. விசா பாலாஜி என்றே அழைக்கப்படும் அந்தப் பெருமாளுக்கு உண்டியல் கிடையாது, வேண்டுதல் பலித்தால் 108 பிரதட்சிணம்தான் காணிக்கை. அது நல்ல யோசனை. இன்னொருவர் சொன்னதுதான் விபரீதம். இதற்குமுன் விசா மறுக்கப்பட்டதா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். இல்லை என்று போட்டுவிடுங்கள், புதிய ஆளாகப் பார்ப்பார்கள் என்றார். விரல் ரேகை முதற்கொண்டு பதிவாகியிருக்கும் இடத்தில் இப்படி ஒரு அறிவுரை! தெரிந்தே பொய் சொன்னது வெளிப்பட்டால் வாழ்நாள் முழுவதும் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் போகும் என்பதையும் அவர் அறியார்.

அம்மையாருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அவர் சொன்ன காரணம் வேறு. "நடந்ததை நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சுவாதியன்று அந்த மூன்றாவது கண்ணை எப்படிச் சேவிப்பேன்?"

இந்த முறை படிவத்தைக் கணவரே மூன்று இரவு உட்கார்ந்து நிரப்பினார். மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, ஆண்டையும் இடத்தையும் குறித்தார். வங்கிக் கணக்கு இருந்தபடியே இருந்தது. நேர்காணல் தமிழில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். முதல் தடவையே அப்படிக் கேட்டிருக்கலாம். தமிழில் பேசினால் மதிப்பு குறையும் என்று நம்மவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

போன முறை ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி முதலிலேயே வந்தது. அம்மையார் தயங்கவில்லை. "எத்தனை நாள் என்று கேட்டார்கள். பிள்ளைகள் சொல்லும் வரை என்றேன். இப்போது நானே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறேன். பேரனுக்கு ஆவணியில் ஆண்டு நிறைவு. மொத்தம் ஆறு வாரம். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்குள் ஊருக்கு வந்துவிடுவேன்."

அன்று என்ன விசேஷம் என்று கேட்கப்பட்டது.

"பெருமாளுக்குத் துளசி மாலை கட்ட வேண்டும். வருஷா வருஷம் கட்டுகிறேன்."

மற்ற கேள்விகள் இரண்டோ மூன்றோ. கணவர் உடன் வருகிறாரா, வீடு யாருடையது என்ற வகை. விசா கிடைத்தது.

டெட்ராய்ட் விமான நிலையத்தில் ஆறு மாதம் தங்க அனுமதி கொடுத்தார்கள். மகன் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத் துள்ளினான். ஆண்டு நிறைவு நடந்தது, காது குத்தினார்கள், பாட்டியின் இடுப்பை விட்டுக் குழந்தை இறங்க மறுத்தது. ஐந்தாம் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினான். "இன்னும் பதினைந்து நாளில் நடந்துவிடுவான் அம்மா, சட்டப்படி நான்கு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது" என்று மகன் கெஞ்சினான். மருமகள் எதுவும் பேசாமல் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த புடவைகளை வெளியே எடுத்து வைத்தாள். கணவருக்கே மனம் இளகிவிட்டது. பயணச்சீட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்தும் விட்டார்.

"தேதி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்" என்றார் அம்மையார். புடவைகளை மறுபடி மடித்து உள்ளே வைத்தார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, கோயில் வாசலில் கூட்டம் சாலை வரை நின்றது. துளசி மாலையைக் கொடுத்துவிட்டு அம்மையார் மலையைச் சுற்றப் புறப்பட்டார். முழங்கால் வலியுள்ள கணவர் பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. மிச்சிகனிலிருந்து ஒரு காணொளி. பேரன் சுவரை விட்டுவிட்டு மூன்று அடி வைத்து, உட்கார்ந்துவிட்டிருந்தான். கணவர் வலியை மறந்து விரைந்து போய், கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அம்மையார் ஒரு கணம் நின்றார். பிறகு கையால் அதை விலக்கினார்.

"பாதி மலைதான் வந்திருக்கிறேன். சுற்றி முடித்துவிட்டுப் பார்க்கிறேன், வாங்க."