பெயர் போட்ட பாய்

ஆடியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வீட்டில் கால் நிற்காது. குற்றாலத்துக்கு ஒரு நடை போய் வந்தால்தான் அந்த வருஷம் கழிந்த மாதிரி இருக்கும். இந்த முறை மகனும் பேத்தியும் கூட வந்தார்கள். அருவியில் நல்ல கூட்டம். முன்போல நெரிசலில் நின்று தலை கொடுக்க என் உடம்பு ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் குளித்து வந்ததும் பேத்தியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு சித்திர சபைக்கு நடந்தேன்.

நடராசருக்கு ஐந்து சபைகள் சொல்வார்கள். அதில் இரண்டு எங்கள் சீமையில் இருக்கின்றன. திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. தாமிர சபையில் மரத்தில் செதுக்கிய வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சித்திர சபையிலோ நாம் கும்பிடுவதே சுவரில் தீட்டிய ஓவியத்தைத்தான். ஒரு மனிதனின் கைவேலைக்கு முன்னால் கற்பூரம் காட்டுகிற இடம் அது. சின்ன வயதில் இது எனக்கு விசேஷமாகத் தோன்றியதில்லை. இப்போது அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் சீக்கிரம் நகர மனம் வருவதில்லை.

வெளியே வந்தால், சாரல் காலத்தை ஒட்டி ஒரு கைவினைக் கண்காட்சி போட்டிருந்தார்கள். காருகுறிச்சி மண்பானை, அம்பாசமுத்திரம் மரச்செப்பு, வீரவநல்லூர் சேலை எல்லாம் இருந்தன. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தமடைப் பட்டுப்பாய் ஒன்று. பக்கத்தில் ஒரு அட்டை. ஊர் பெயர், பாயின் எண், 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த விவரம், கீழே விலை. பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதை யாரு தாத்தா செஞ்சா?" என்று கேட்டாள். அட்டையில் அது இல்லை. அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 48 வருஷத்துக்கு முந்தைய ஒரு பாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1977. எனக்கு 26 வயது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். தங்கச்சிக்கு ஆவணி 8ஆம் தேதி முகூர்த்தம். நலங்குக்குப் பத்தமடைப் பாய் வேண்டும், அதில் பெண் மாப்பிள்ளை பெயர் போட்டிருக்க வேண்டும் என்று நான்தான் வீட்டில் சொன்னேன். அண்ணன் செய்தான் என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே.

பாய் நெய்கிற ஒரு வயதான அம்மாவைத் தெரிந்தவர் ஒருவர் காட்டிக் கொடுத்தார். தெருவே அவரைப் பெத்தும்மா என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் போய் நின்றது ஆடிப் பெருக்கு அன்று.

"எந்த நாளைக்கு வேணும் வாப்பா?"

சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார். "இருபது நாளுதான கிடக்கு. கோரை இன்னும் ஆத்துலல்லா ஊறுது."

அந்தக் கோரை படுகிற பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நிற்கிற கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுப்பார்கள். நெடுக்காகக் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை வழித்துவிட்டு வெயிலில் காயப்போடுவார்கள். காய்கிற நேரத்தில் மழை பட்டுவிட்டால் கறுத்துப்போகும். சாதாரணப் பாய்க்கு அந்தக் கோரை போதும். பட்டுப்பாய்க்குப் போதாது. அதைக் கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல அமுக்கி வைப்பார்கள். தண்ணீர் குடித்துக் கோரை நன்றாக உப்பிவிடும். பிறகு எடுத்துக் காயவைத்து, தலைமுடி மாதிரி மெல்லிசாகக் கீறுவார்கள். முன்பெல்லாம் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்தார்கள். பாவுக்குப் பருத்தி நூல், அல்லது பட்டு நூல். 100, 120, 140 என்று எண் சொல்வார்கள். எண் கூடக் கூடப் பாய் மெல்லிசாகும். நல்ல பட்டுப்பாயைத் துண்டு மாதிரி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடலாம். தரையோடு தரையாகப் பாவை இழுத்துக் கட்டி, அதன் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கோரையாக உள்ளே விட்டு, அச்சை இழுத்து அடித்து நெய்ய வேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு சாண் வளர்ந்தால் பெரிய காரியம்.

பத்தமடையில் இந்த வேலை பரம்பரையாக லெப்பைமார் குடும்பங்களில் இருக்கிறது. பெரும்பாலும் பெண்கள்தான் தறியில் உட்காருவார்கள். சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் என்று பத்தமடையைப் பலருக்குத் தெரியும். அவர் ரிஷிகேசம் வரை போனார். இந்தப் பெண்கள் ஆற்றுக்கும் தறிக்கும் நடுவிலேயே ஆயுளைக் கழித்துவிட்டார்கள்.

முன்பணம் 20 ரூபாய் கொடுத்தேன். பெயர்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். அவருக்கு அரபு எழுத்து ஓடும், தமிழ் எழுத்து ஓடாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்து, எந்த இழைக்கு மேலே சாயக் கோரையை விடுவது, எந்த இழைக்குக் கீழே விடுவது என்று எண்ணி எண்ணித்தான் போடுவாராம். தெரு முனையில் பஸ் ஹாரன் கேட்டது. அவசரமாக எழுதி நீட்டிவிட்டு ஓடினேன்.

அதன் பிறகு நான் நடந்துகொண்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவை அங்கே போய் நின்றேன். ஆற்றிலிருந்து ரெண்டு நாள் முன்னாலேயே எடுத்தால் என்ன, ராத்திரியில் விளக்கு வைத்து நெய்தால் என்ன என்று கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரி எங்களை விரட்டுகிற அதே குரலில் கேட்டிருப்பேன் போல. பெத்தும்மா பதில் பேசவில்லை. ஊறிக்கொண்டிருந்த கட்டிலிருந்து ஒரு கோரையை உருவிக்கொண்டு வரச் சொல்லி, பேத்தியை ஆற்றுக்கு அனுப்பினார். என் கண் முன்னாலேயே அதைக் கீறினார். பாதியில் முறிந்தது. ரெண்டு துண்டையும் என் கையில் கொடுத்தார். கோபம் இல்லை. பாத்துக்க என்று காட்டின மாதிரிதான்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது டவுனில் ஒரு கடையில் சிவப்பும் பச்சையுமாகப் பளபளவென்று இருந்த ஒரு பாயை வாங்கி வந்துவிட்டேன். அதில் பெயர் இல்லை. நலங்கு நன்றாகவே நடந்தது. யாரும் பெயரைக் கேட்கவில்லை. பத்தமடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஒரு மாதம் ஆனதும் முகத்தில் முழிக்கக் கூச்சமாகிவிட்டது. நான் போகிற பஸ் பத்தமடை வழியாகத்தான் போகும். அதை விட்டுவிட்டு செங்கோட்டை பாசஞ்சர் ரயிலுக்கு மாறிக்கொண்டேன். ரயில் காருகுறிச்சி, சேரன்மகாதேவி என்று போய்விடும். பத்தமடைத் தெருவைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் கேட்டவர்களிடம் ரயிலில் கட்டணம் குறைவு என்று சொன்னேன்.

மார்கழி வந்தபோது கடைப் பாய் மடிப்பிலேயே வெடித்துப்போனது.

அடுத்த ஆனி மாதம் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா கேட்டாள், "பத்தமடையில ஒரு பாய்க்குச் சொன்னியே, அது என்னல ஆச்சு?" நடந்ததைச் சொன்னேன். முன்பணம் போனால் போகட்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு போட்ட பாயை அவுக யாருக்குல விப்பாக?" என்றாள்.

பத்து மாதமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. என் 20 ரூபாயைப் பற்றி நினைத்திருக்கிறேன், என் கூச்சத்தைப் பற்றி நினைத்திருக்கிறேன். என் தங்கச்சி பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பாய் அடுத்தவர் வீட்டில் கிடக்கும், அதை உலகத்தில் வேறு ஒருவருக்கும் விற்க முடியாது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். பெத்தும்மா தறியில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வா வாப்பா. தங்கச்சி சௌக்கியமா?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எழுந்து உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்தார். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, நடுவில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். வேப்பிலை வாடாமல் பச்சையாக இருந்தது. அவ்வப்போது மாற்றியிருக்கிறார். முழு விலைக்கு மேலே 50 ரூபாய் சேர்த்து நீட்டினேன். பாக்கியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் கையிலேயே வைத்தார். "பேசினது இவ்வளவுதான" என்றார். நான் என்னென்னவோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கச்சிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றதும் முகம் மலர்ந்து, "பிள்ளைய இதுல போடச் சொல்லு. சூடு தாக்காது" என்றார்.

நூல் கடனை அடைக்க அந்த வருஷம் வேறு ரெண்டு பாயை அவர் விலை குறைத்து விற்றதை, சில வருஷம் கழித்து அவர் மருமகள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பெத்தும்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடையில் இருப்பதை வாங்குவது வேறு, ஒருவரிடம் சொல்லிச் செய்யச் சொல்வது வேறு. வாங்குகிறவனுக்குப் பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகலாம். சொல்லி வைத்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. சொன்ன நிமிஷத்திலிருந்து அந்த வேலையில் அவனும் ஒரு ஆள். ஆற்றில் கோரை ஊறுகிற வரைக்கும் அவனும் சேர்ந்து காத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கைவேலைக்காரர் யாரிடமாவது ஒன்றுக்குச் சொன்னால் பாதிக்கு மேல் முன்பணம் கொடுத்துவிடுவேன். எத்தனை நாள் ஆகும் என்று அவர்களிடமே கேட்டு, அதற்கு மேல் பத்து நாளை நானாகக் கூட்டிக்கொள்வேன். போக முடியாமல் போனால் அன்றைக்கே ஆள் விட்டுச் சொல்லிவிடுவேன். இதெல்லாம் பெரிய காரியங்கள் இல்லை. ஆனால் 26 வயதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் பாய். துடைத்துப் போட வசதி, விலையும் சல்லிசு. அதை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் ரெண்டு கிடக்கிறது. ஆனால் பட்டுப்பாயின் விலையைப் பார்த்து, "ஒரு பாய்க்கா இவ்வளவு!" என்று கண்காட்சியில் ஒருவர் சத்தமாகச் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, கோரை அறுப்பதிலிருந்து அச்சு அடிப்பது வரைக்கும் நின்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வாங்கவில்லை. ஆனால் போகும்போது கண்ணாடிக்குள் இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

பேத்தி அதற்குள் அம்பாசமுத்திரம் செப்புக் கடையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு என்று கட்டைவிரல் அளவில் ஒரு சமையல்கட்டே அங்கே இருந்தது. கடைக்காரர் கடைசல் வேலையும் தெரிந்தவர். மஞ்சள் கடம்பு மரத்தில் கடைந்த காலம் போய், கிடைக்கிற மரத்தில் கடைகிறோம் என்றார். சுற்றுகிற மரத்தில் அரக்குக் கட்டையை அழுத்திப் பிடித்தால், உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி நிறம் ஏறிவிடும் என்று கையால் காட்டினார். பேத்தி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன விலையைக் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். "யாரு செஞ்சா?" என்று மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை கடைக்காரரே நெஞ்சில் கை வைத்து, "நான்தான் தாயி" என்றார்.

திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் தங்கச்சி வீட்டில் இறங்கினோம். பாயை எடுத்துக் காட்டச் சொன்னேன். அதே வெள்ளைத் துணி இல்லை, ஆனால் வேப்பிலை இருந்தது. பச்சை மங்கிவிட்டது. சிவப்பு இன்னும் நிற்கிறது. தங்கச்சியின் மூன்று பிள்ளைகளும் இதில் கிடந்து வளர்ந்தவர்கள். பேத்தி தரையில் விரித்து, பெயர் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நடுவில் நின்றாள்.

"தாத்தா, ஆச்சி பேருல இங்க புள்ளி இல்ல."

"தாத்தா எழுதிக் கொடுக்கும்போது விட்டுட்டேன். பஸ் வந்துட்டுன்னு ஓடினேன். பெத்தும்மா நான் எழுதினதை அப்படியே நெஞ்சிட்டாங்க."

"பெத்தும்மா யாரு?"

"இந்தப் பாயைச் செஞ்சவங்க."

அவள் செப்புப் பெட்டியைத் திறந்தாள். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் குடத்தை வைத்தாள். பக்கத்தில் அடுப்பு, அம்மி, உரல். தங்கச்சி, "ஏட்டி, பாயில வைக்காத, கறை புடிச்சிரும்" என்றாள். பிறகு அவளே பக்கத்தில் உட்கார்ந்து, இன்னைக்கு என்ன சமையல் என்று கேட்டாள்.