கௌபி அவிச்ச இரவுகள்

எங்கட வீட்டில கௌபி கனகாலமாய் ஒரு காலைச் சாப்பாடு. இல்லாட்டி வாணி விழாவில கடலையோட கையில கிடைக்கிற பிரசாதம். 2022இல காஸ் சிலிண்டருக்குச் சனம் நாட்கணக்காய் வரிசையில நிண்ட காலத்திலதான் அது இரவுச் சாப்பாடாயும் மாறினது. மீன் எங்களுக்குக் கட்டாத விலை.

அம்மா காலமையே ஊறப் போட்டிடுவா. 8 மணித்தியாலம் ஊறின கௌபி விறகடுப்பில கெதியா அவிஞ்சிடும், விறகும் மிச்சம். குழையிறதுக்கு முதல் இறக்கி, தண்ணியை வடிச்சு, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சுப் பிரட்ட வேணும். தேங்காய்ச் சொட்டு இல்லாமல் எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது. வீட்டில பாதித் தேங்காய்தான் எண்ட நாட்களில, சொட்டு முழுக்க என்ர கோப்பையிலதான் கிடக்கும். "என்ர பல்லால ஏலாது பிள்ளை" எண்டு சொல்லுவா. தேங்காய் தாராளமாய் இருந்த நாட்களில அந்தப் பல்லுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்ப ஜிம்முக்குப் போற நண்பர்கள் கௌபியைப் புரதம் எண்டு கொண்டாடுகினம். பிழையில்லை, புரதம் இருக்குத்தான். அம்மாட்டச் சொன்னால் சிரிக்கிறா. ஆனால் வீட்டுக்கு ஆக்கள் வந்தால் கௌபியை எடுத்து வைக்க இன்னும் வெக்கப்படுறா.