ஹெரிபோர்டுஷயரில் ஓர் ஆப்பிள் தோட்டம்

இங்கிலாந்துக்குப் பிரயாணம் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் லண்டன் மாநகரைப் பார்த்த திருப்தியுடன் திரும்பிவிடுகிறார்கள். நாமோ மேற்கே, வேல்ஸ் நாட்டின் எல்லையை ஒட்டிய ஹெரிபோர்டுஷயர் ஜில்லாவுக்குச் சென்றோம். அக்டோபர் மாதம், சாலையோரத் தோட்டங்களில் ஆப்பிள் மரங்கள் பாரம் தாங்காமல் கிளை தாழ்த்தி நின்றன.

ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். கொல்லையில் ஆறே மரங்கள். சிவந்த பழம் ஒன்றைப் பறித்து ஆவலுடன் கடித்தோம். அடடா! பச்சை வாழைக்காயைக் கடித்தாற்போல் நாவெல்லாம் துவர்த்துவிட்டது. பெரியவர் சிரித்தார்.

"இது உண்ணும் பழமன்று, சைடர் என்னும் பானத்துக்கு உரியது. இந்தத் துவர்ப்பே அதற்கு உயிர்" என்றார்.

பறித்த பழங்களைச் சில நாள் கனிய விட்டு, அரைத்து, துணியில் பொதிந்து அடுக்கி, திருகாணி பூட்டிய பலகையால் அழுத்திப் பிழிகிறார்கள். 10 கிலோ பழத்தில் ஏறக்குறைய 6 லிட்டர் சாறு கிடைக்கும். அது பீப்பாயில் குளிர்காலமெல்லாம் மெல்லப் புளித்து, வசந்தத்தில் சைடராகிறது. அதில் போதை உண்டு. ஆதலால் நாம் அன்று பிழிந்த சாற்றோடு நிறுத்திக்கொண்டோம்!

முற்காலத்தில் இங்கே பண்ணையாட்களின் கூலியில் ஒரு பகுதியே சைடராகக் கொடுக்கப்பட்டது. உழைத்தவன் வீட்டுக்குக் காசுக்குப் பதில் மயக்கத்தைக் கொண்டுசென்றான். 1887-இல் வந்த சட்டம் அவ்வழக்கத்தைத் தடுத்தது. பின்னர் 20-ஆம் நூற்றாண்டில் பழைய தோட்டங்கள் பலவும் வெட்டுண்டன.

"இரண்டு விதைகள் கொடுங்களேன்" என்று கேட்டோம்.

"விதையால் பயனில்லை. முளைக்கும், ஆனால் தாயின் குணம் வராது" என்றார் அவர்.

நம் ஊர் ஒட்டு மாங்கன்றின் இரகசியமே இங்கும்! மூலையில் நின்ற மரத்தின் ஜாதிக்கு 'பாக்ஸ்வெல்ப்' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டிலேயே புகழ் பெற்றிருந்த ஜாதி அது. அன்றிருந்த மரத்தின் குச்சி ஒன்று மற்றொரு வேரில் ஒட்டப்பட்டு, அதன் குச்சி இன்னொன்றில் ஏறி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதர் கையிலிருந்து கைக்கு வந்திருக்கிறது. ஒரு தலைமுறை கைவிட்டால் அந்த ஜாதியே மறைந்துபோகும்.

அந்த அச்சத்தினாலேயே இவ்வூர் இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தார் 1876 முதல் 1885 வரை 'ஹெரிபோர்டுஷயர் பொமோனா' என்னும் நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். அதன் அழகிய வர்ணப் படங்களைத் தீட்டியவர்கள் ஆலிஸ் எல்லிஸ், எடித் புல் என்னும் இரு பெண்மணிகள். ஆனால் படம் பழம் தராதே!

பெரியவர் தம் மரத்தை, பக்கத்துப் பண்ணையில் பட்டுப்போய்க்கொண்டிருந்த கிழமரத்தின் குச்சியிலிருந்து உண்டாக்கினாராம். வரும் ஜனவரியில் மரங்கள் உறங்கும் சமயம் குச்சி வெட்டி, ஈரமணலில் புதைத்து வைத்து, மார்ச் மாதத்தில் ஒட்டப்போகிறார்.

"இவ்வயதில் புதுமரமா?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் வேலிக்கு அப்பால் விளையாடிய சிறுமியைக் காட்டினார். "ஒட்டப்போவது அவள். கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது மட்டுமே என் வேலை" என்றார்.