மீட்டரில் ஏறாத ஓட்டம்

எங்க அனுமந்தை காலனியில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய. சொந்த வண்டி வைத்திருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2014ல் தாட்கோ மானியக் கடனில் நான் குட்டியானை எடுத்தேன். டாடா ஏஸ் என்று கம்பெனி வைத்த பேர் ஷோரூமோடு சரி. 2005ல் வந்த வண்டி அது. ரெண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின். மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் கடைகளுக்குப் போடுவேன். திரும்பும்போது கிடைத்த லோடு. மழை வந்தால் உப்பளம் மூடிவிடும். தவணை மூடாது.

இலக்கியப் பத்திரிகையில் இன்ஜின் ஆயிலைப் பற்றி என்ன எழுதுவது என்று சில தோழர்கள் கேட்டார்கள். எங்க சின்னம்மா மகனுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.

அவன் செகண்ட்ஹேண்டில் ஒரு வண்டி வாங்கினான். ஆயில் மாத்தப் போன இடத்தில் கடைக்காரர் பேரலிலிருந்து லூஸ் ஆயில் பிடித்துக் கொடுத்தார். "டப்பா ஆயில் குடுங்க முதலாளி" என்று கேட்டிருக்கிறான். "உங்க வண்டிக்கு இது போதும்டா, இன்னா பெருசா ஓட்டப்போற" என்று பதில். வண்டிக்குச் சொன்னாரா, ஆளுக்குச் சொன்னாரா தெரியாது. ஒன்பதாவது மாசம் கூனிமேடு தாண்டி இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிராங்க் மெட்டல் தேய்ந்து, பிஸ்டன் கோடு விழுந்து எல்லாம் போச்சு. வண்டியைக் காயலான் கடை விலைக்குத் தள்ளிவிட்டு, உப்பளத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு வாரப் போய்விட்டான். அவங்க நைனா எந்தப் பாத்தியில் நின்றாரோ அதே பாத்தி. ஆயில் என்று சொல்வது இதைத்தான்.

அன்றைக்குப் பிறகுதான் டப்பா மேல் எழுதியிருப்பதை நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். 15டபிள்யூ-40 என்று இருக்கும். டபிள்யூ என்றால் குளிர்காலம். அமெரிக்காவில் மோட்டார் இன்ஜினியர்கள் சங்கம் போட்ட அளவு. 15 என்பது மைனஸ் இருபது டிகிரிக் குளிரிலும் இன்ஜின் சுற்றுகிற அளவுக்கு இளகியிருக்கும் என்பதற்கு. நம்ம கடற்கரையில் மார்கழி விடியலில்கூட அதற்கு வேலையில்லை. அதனால் 5டபிள்யூ, 0டபிள்யூ என்று விலை ஏற்றி விற்பதை என் வண்டிக்கு வாங்க அவசியமில்லை. பின்னாடி இருக்கிற 40தான் நமக்கு முக்கியம். நூறு டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது அது. பேரலில் வருவது பெரும்பாலும் வெறும் 40. சூடானபிறகு ரெண்டும் ஒன்றுதான். ஆனால் விடியற்காலை ஸ்டார்ட் பண்ணும்போது வெறும் 40 கெட்டியாகக் கிடக்கும், மேல் பாகங்களுக்கு ஏறிப்போக நேரமாகும். அந்த நேரத்தில் இரும்பும் இரும்பும் உரசும். உப்பளத்துக்குத் தண்ணி இறைக்கிற பழைய இன்ஜினுக்கு அது ஓடும். தினம் நாற்பது தடவை நிறுத்தி எடுக்கிற வண்டிக்கு ஆகாது.

அடுத்தது சி என்கிற எழுத்து. எஸ்ஸில் தொடங்கினால் பெட்ரோலுக்கு, சியில் தொடங்கினால் டீசலுக்கு. சிஎச்-4 வந்தது 1998ல், சிஐ-4 2002ல், சிகே-4 2016 கடைசியில். டீசல் கரியை அடியில் படியவிடாமல் தன்னிலேயே மிதக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வருவதுதான் இந்த ஆயிலின் வேலை. புது ஆயில் ரெண்டே நாளில் கறுத்துப்போச்சு, டூப்ளிகேட் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கறுத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். பைக்குக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறதென்று டீசல் வண்டியில் ஊற்றுகிறவனிடம் சண்டைக்குப் போங்கள், சரி.

என் வண்டிக்குக் கையேடு சொன்னபடி 15டபிள்யூ-40, அதில் சிஐ-4. இதோடு விஷயம் முடிந்தது என்றுதான் மெக்கானிக்கும் நினைத்தார். முடியவில்லை. கையேட்டில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்து என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கிலோமீட்டரை யார் ஓட்டுகிறார்கள் என்று போடவில்லை.

லோடு ஏற்றும் இடத்தில் வரிசை உண்டு. விடியற்காலை நாலு மணிக்குப் போய் முதல் ஆளாக நிற்பேன். ஊர்க்காரர் வண்டி ஆறு மணிக்கு வரும். "நீ கொஞ்சம் பின்னால எடு, அவர் அவசரமாப் போவணும்." அடுத்த வண்டிக்கும் அவசரம். எனக்கு மட்டும் அவசரம் கிடையாது. இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கவும் முடியாது. எடு எடு என்று கூப்பிடும்போது பழைய பேட்டரியில் செல்ஃப் இழுக்காமல் போனால் அன்றைய லோடு போச்சு. இப்படித் தினமும் மூன்று மணி நேரமாவது நின்ற இடத்திலேயே ஓடும். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது.

நின்று ஓடுகிற இன்ஜின் முழுசாகச் சூடேறாது. எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும். கடல் காற்றின் ஈரம் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஃபோர்டு கம்பெனி தன் பிக்கப் வண்டிகளுக்கு ஒரு கணக்கு சொல்கிறது. ஒரு மணி நேரம் நின்று ஓடினால் 25 மைல் ஓடினதாக வைத்துக்கொள், அதாவது 40 கிலோமீட்டர். மூன்று மணிக்கு 120. நான் நிஜமாக ஓட்டுவது ஒரு நாளைக்கு 60. ஆக மீட்டர் 3,000 காட்டும்போது இன்ஜின் 9,000 ஓடி முடித்திருக்கும்.

இதை வீட்டில் சொன்னேன். அம்மா அதிகம் ஆச்சரியப்படவில்லை. "பாத்தியில உப்பு விழுந்தப்புறம் கசப்புத் தண்ணிய வடிச்சு உடல? அதயே வச்சினு இருந்தா உப்பு கெட்டுப்பூடும்" என்றார். உப்புத்தண்ணி 25 டிகிரி வந்தால் உப்பு கட்டும், முப்பதைத் தொடுமுன் வடித்துவிட வேண்டும் என்பதை முதலாளி கண்ணாடிக்குழாய் விட்டுப் பார்ப்பார். அம்மா விரலில் தொட்டே சொல்வார். அந்த வேலைக்குக் கூலி கிடைத்ததே தவிர ஒருநாளும் அவரைக் கேட்டு மடை திறந்ததில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் நின்ற மணிக்கணக்கையும் எழுதுகிறேன். யார் வண்டிக்காக நின்றேன் என்பதையும் சேர்த்து. ஆயில் மாத்தும் செலவு கூடிப்போச்சு. இன்ஜின் இன்னும் பிரிக்காமல் ஓடுகிறது.

காலனியில் புதிதாக பிக்கப் எடுத்த ஒரு தம்பி என் டப்பாவையே கேட்டு வந்தான். கொடுக்கவில்லை. அவனுடையது பிஎஸ்-6, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது. என் காலத்து பிஎஸ்-3 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு, இப்போது வருவது வெறும் 10. அப்போது கந்தக அமிலத்தை முறிக்க ஆயிலில் மருந்து அதிகம் வேண்டும். இப்போது அந்த மருந்தே எரிந்து சாம்பலாகி, புகைக்குழாயில் கரியைப் பிடிக்க வைத்திருக்கும் வடிகட்டியை அடைக்கும். அதற்குச் சாம்பல் குறைந்த சிகே-4, அதுவும் கையேட்டில் சொன்னது மட்டும்தான். இன்றைக்கும் கடையில் ரெண்டு வண்டிக்கும் ஒரே பேரலைத்தான் காட்டுகிறார்கள்.

காலி டப்பாவை நான் ஆணியால் குத்திவிடுவேன். குத்தாவிட்டால் அது கைமாறி, அழுக்கு ஆயிலோடு புது மூடி போட்டுத் திரும்பி வரும். இதில் வீட்டில் தகராறு. அஞ்சு லிட்டர் டப்பாவைச் சாம்பல் போட்டுக் கழுவி, உப்பளத்துக்குக் குடிதண்ணி எடுத்துப் போவதுதான் எங்க தெரு வழக்கம். "நல்ல டப்பாவ ஓட்ட போட்டுட்டியேடா" என்று அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மரக்காணம் கடைத்தெருவில் மூடி போட்ட தண்ணி கேன் ஒன்று வாங்கிவந்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று கேட்டார், வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.