ஆக்சிஜன் எங்கே?

அன்புள்ள தம்பி மகேஷுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு டைட்டானியம் டை ஆக்சைடைக் கொடுத்துவிட்டார்கள் என்று இவ்வளவு சலிப்பா? “சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் நான் என்ன புதுசாகக் கண்டுபிடிக்க?” என்று வேறு கேட்டிருக்கிறாய். மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பு மணலை அளைந்து வளர்ந்தவன் நீ. அந்த மணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்துதான் இந்த வெள்ளைப் பொடியை எடுக்கிறார்கள். அதைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்.

1967-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா புஜிஷிமாவும் உன்னைப் போல ஒரு ஆராய்ச்சி மாணவர்தான். தண்ணீருக்குள் இருந்த ரூட்டைல் படிகத்தின் மேல், அதாவது உன் டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு வடிவத்தின் மேல், ஒளியைப் பாய்ச்சினார். படிகத்தில் ஆக்சிஜன் குமிழிட்டது. எதிரில் இருந்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் வந்தது. அவரும் அவர் ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972-இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். மறு வருஷமே எண்ணெய் நெருக்கடி வந்ததில் உலகமே அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தது.

அந்தப் படிகம் செய்த வேலை இதுதான். ஒளி பட்டதும் ஒரு எலக்ட்ரான் கீழ் ஆற்றல் பட்டையிலிருந்து மேல்பட்டைக்குத் தாவுகிறது. கீழே ஒரு துளை மிஞ்சுகிறது. எலக்ட்ரான் ஹைட்ரஜனைத் தரவேண்டும், துளை ஆக்சிஜனைத் தரவேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் போதும். ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று வெளியே வர நான்கு துளைகள் வேலை பார்த்தாக வேண்டும். கஷ்டமெல்லாம் அங்கேதான்.

காட்மியம் சல்ஃபைடை எடுத்துக்கொள். கண்ணுக்குத் தெரியும் ஒளியையே நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் உண்டாகும் துளைகள் தண்ணீரை விட்டுவிட்டு அதன் சல்ஃபைடையே அரித்துத் தின்றுவிடும். உன் வெள்ளைப் பொடிக்கு அந்தக் கதி இல்லை. அதன் கீழ்ப்பட்டை ஆக்சிஜனுடையது, மிக ஆழத்தில் இருப்பது; அங்கே பிறக்கும் துளைக்குத் தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் பலம் தாராளமாக உண்டு. டைட்டானியமும் ஏற்கெனவே நான்கு எலக்ட்ரானையும் கொடுத்து முடித்தது, இனி இழக்க ஒன்றுமில்லை. அதனால்தான் கரையாமல், கெடாமல் நிற்கிறது.

ஆனால் அதே ஆழம்தான் அதன் குறையும். பட்டை இடைவெளி அகன்றுவிடுகிறது: ரூட்டைலில் 3.0, இன்னொரு வடிவமான அனட்டேஸில் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அனட்டேஸுக்குச் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஒளிதான் உதவும். வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். இடைவெளி குறைந்த இரும்பு ஆக்சைடுக்கு மாறலாமே என்பாய். ஹெமடைட்டில் இடைவெளி சுமார் 2.1 தான், ஆனால் அதில் துளை சில நானோமீட்டர் நகர்வதற்குள் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்துவிடும். மேல்பட்டையும் ஹைட்ரஜனைத் தரும் உயரத்தில் இல்லை.

துளையும் எலக்ட்ரானும் இப்படிச் சேர்ந்து அழிவதைத் தடுக்க முடியுமா என்பதற்குப் பதில் ஜப்பானிலிருந்தே வந்தது. கசுனாரி டொமேன் குழுவினர் உன் பொடிக்கு உறவான, அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில், படிகத்தின் ஒரு முகத்துக்கு எலக்ட்ரானும் இன்னொரு முகத்துக்குத் துளையும் பிரிந்து போகும்படி செய்தார்கள். ஹைட்ரஜன் முகத்தில் ரோடியம், அதன் மேல் குரோமியம் ஆக்சைடுப் போர்வை. மறு முகத்தில் கோபால்ட். 2020-இல் வெளிவந்த முடிவில், 350 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் குவாண்டம் திறன், அதாவது விழுந்த ஒளித்துகள்களில் வேலைக்கு வந்த பங்கு, 96 சதவீதம் வரை போயிற்று. அதே வகைப் பொடியைப் பூசி திறந்த வெளியில் 100 சதுர மீட்டர் பரப்புக்குத் தகடு விரித்தபோது, சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம். பொறிமுறையில் குறையில்லை, பிடிக்கிற ஒளிதான் போதவில்லை. ஆகவே உன் பொடி ஒன்றும் பழையதாகிவிடவில்லை.

இனி உன் ஆய்வுக்கூட விஷயம். குளோரோபிளாட்டினிக் அமிலம் விட்டு விளக்கைப் போட்டால், வெள்ளைப் பொடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகும். பிளாட்டினம் ஒட்டுகிறது என்று அர்த்தம். மெத்தனால் கலந்தால் ஹைட்ரஜன் கொட்டும். உடனே குதிக்காதே! துளைகளை மெத்தனால் வாங்கிக்கொள்வதால் வருகிற ஹைட்ரஜன் அது. தண்ணீர் பிளந்தது என்று அதை எழுதினால் உன் வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். சுத்தத் தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்று வந்தால்தான் கணக்கு. வாயு குரோமட்டோகிராஃபில் ஆக்சிஜன் முகட்டோடு நைட்ரஜன் முகடும் எழும்பினால், அது உன் வினையூக்கி தந்ததல்ல. செப்டம் என்கிற ரப்பர் மூடி வழியாகப் புகுந்த காற்று. இன்னொன்று, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மறுபடி தண்ணீராகச் சேர்த்துவைப்பதிலும் பிளாட்டினம் கெட்டி. டொமேன் குழுவின் குரோமியம் போர்வை எதற்கென்று இப்போது புரியும்.

ஊருக்குப் பேசியபோது அம்மா நீ இளைத்துவிட்டாய் என்று புலம்பினாள். ராத்திரி ரன் போடுகிற நாளில் முதலில் சாப்பிட்டுவிட்டுப் போ. அடுத்த கடிதத்தில் ஹைட்ரஜன் இத்தனை மைக்ரோமோல் என்று மட்டும் எழுதி அனுப்பாதே. ஆக்சிஜன் எவ்வளவு, விளக்கை அணைத்து எடுத்த அளவு எவ்வளவு, இரண்டையும் சேர்த்து எழுது. அதற்கப்புறம் பொடியை மாற்றலாமா வேண்டாமா என்று பேசுவோம்.

அன்புடன்,
அக்கா